வெயிலில் மாவாகிப் போன பளிங்கு

இன்று காலை கஞ்சி போட்ட பருத்திச் சேலையை மின்னழுத்தியால் அழுத்தும்போது, ஆவியோடு மாப்பொருள் சூடாகும் வாசம் எழுந்தது. உடனே உன் ஞாபகம். இறந்துபோன சிநேகிதியை மற்றவர்கள் மல்லிகை வாசத்தில் நினைப்பார்களாக்கும். எனக்கு வாய்த்தது இதுதான். நீ ஜேர்மனியில் கண்ணை மூடி இரண்டு வருடமாகிறது. கண்ணீர் வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது?

எண்பத்தைந்தில் நாம் இருவரும் படிப்பை முடித்து, யாழ்ப்பாணத்தில் ஒரே இரசாயன ஆய்வுகூடத்தில் வேலை செய்தோம். நான் அச்சுவேலியிலிருந்து சைக்கிளில், நீ காங்கேசன்துறையிலிருந்து பஸ்ஸில். பேராசிரியர் வெளிநாட்டிலிருந்து கொஞ்சம் வெள்ளைத் தூள் தருவித்திருந்தார். மாப்பொருளை நொதியம் வெட்டி வளைக்கும்போது உண்டாகும் சீனி வளையம் அது. ஆறேழு குளுக்கோசு சேர்ந்த சின்ன வளையங்கள் அடியில்லாத வாளி போல ஒழுங்காக நிற்கும். அவர் தந்ததோ ஒன்பது சேர்ந்த பெரிய வளையம். அதைக் கரைசலிலிருந்து நல்ல பளிங்காக, படிகமாக, வளர்த்துக் காட்டுகிறவரை எக்ஸ் கதிர் படிப்புக்கு ஜேர்மனிக்கு அனுப்புவதாகச் சொன்னார். இடம் ஒன்றே ஒன்றுதான்.

முதலில் என் குழாயில்தான் பளிங்குகள் விழுந்தன. கற்கண்டு போல மினுங்கின. உன் குழாயில் அப்போது ஒன்றுமில்லை. அந்தச் சந்தோஷத்தில் நான் என்ன செய்தேன்? பனங்கிழங்கு ஒடியலும் மிளகாயும் புகையிலையும் காய்ந்தால்தான் பத்திரம் என்று வளர்ந்த வீட்டுப் பிள்ளை நான். ஈரத்தோடு ஒரு பொருளை எடுத்து வைக்க என் கை வருமா? வடித்து, தாளில் பரப்பி, யன்னலோர வெயிலில் வைத்தேன். மத்தியானம் வந்து பார்த்தால் எல்லாம் வெடித்து வெளுத்து மாவாகிக் கிடந்தன. வளையங்களுக்கு உள்ளேயும் இடுக்குகளிலும் நின்ற தண்ணீர்தான் அந்தப் பளிங்கைப் பிடித்து வைத்திருந்தது. தண்ணீர் போனதும் ஒழுங்கும் போய்விட்டது.

அது எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது, அதுதான் வயிற்றெரிச்சல். பிறகு உன் குழாயின் அடியில் இரண்டு சின்னப் பளிங்குகள் விழுந்தன, கரைசலுக்குள்ளேயே கிடந்து முழுசாகத் தப்பின. ஏன் காயவைக்கவில்லை என்று பேராசிரியர் கேட்டதற்கு நீ சொன்ன பதில் இன்னும் என் காதில் இருக்கிறது.

"எடுக்கப் பஞ்சியாக் கிடந்தது சேர். அதுதான் அப்பிடியே விட்டிட்டன்."

உன் பஞ்சி உன்னை ஜேர்மனிக்கு அனுப்பியது. என் சுறுசுறுப்பு என்னை இங்கே இருத்தியது. போகிறதுக்கு முதல்நாள் என் மேசைக்கு வந்து அந்த மாவைக் கேட்டாய். எறிய இருந்ததுதானே, கொண்டுபோ என்று தந்துவிட்டேன்.

அங்கே போய் நீ செய்த முதல் வேலையே அந்த மாவில்தான். ஈரக் காற்றில் அதை வைத்தாயாம், குலைந்த ஒழுங்கில் பாதி திரும்பி வந்ததாம். சூடாக்கினாயாம். சின்ன வளையங்கள் தண்ணீரைப் படிப்படியாக விடுமாம், இதுவோ இளஞ்சூட்டிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகக் கைவிடுமாம், சீனி கருகுவது அதற்கு எவ்வளவோ பிறகாம். தொண்ணூறில் சண்டை மூண்ட பிறகு எங்களுக்குக் கரண்ட் இல்லை. ஆய்வுகூடத்து உலை தூசி பிடித்துக் கிடந்தது. உன் கடிதம் கொழும்பு சுற்றி எப்போதோ வந்து சேரும். மண்ணெண்ணெய் வரிசையில் நின்று வாசிப்பேன். நான் அழுத மாவில் நீ பெயர் எடுத்தாய் என்று பல்லைக் கடித்துக்கொள்வேன். ஆனால் ஒரு கடிதத்தையும் பாதியில் மடித்ததில்லை.

தொண்ணூற்று நாலில், தரைப்பாதை பூட்டியிருந்ததால், படகில் கடல்நீரேரி கடந்து ஊருக்கு வந்தாய். எங்கள் வீட்டில் அம்மா விளைமீனின் நடுத்துண்டை உனக்கு வைத்தா, வாலை எனக்கு. அதற்கும் எரிந்தேன். சாப்பிட்டுக்கொண்டே நீ இன்னும் பெரிய வளையங்களைப் பற்றிக் கதைத்தாய். பெரிதாகப் பெரிதாக அவை வட்டமாக நிற்காதாம், முறுகி மடிந்து கொள்ளுமாம். நீ கண்டதைச் சொன்னாய், நான் கேட்டுக்கொண்டிருந்தேன். கை கழுவும்போது மெல்லக் கேட்டாய்.

"அடுத்த கட்டுரையிலை உன்ரை பேரையும் போடட்டே? மா உன்ரைதானே."

"எனக்குப் பிச்சை வேண்டாம்."

நீ கோபிக்கவில்லை. "எரிச்சல்காரி" என்று சொல்லி என் முந்தானையில் கையைத் துடைத்தாய். அவ்வளவுதான். பிறகு உன்னை நான் காணவேயில்லை. உன் அண்ணைதான் தொலைபேசியில் செய்தி சொன்னார்.

கரண்ட் திரும்பி வந்த நாளிலிருந்து நானும் ஆய்வுகூடத்தில் அந்தப் பெரிய வளையங்களோடுதான் மல்லுக்கட்டினேன். போன மாதம், நீ சொன்ன மாதிரியே முறுகி மடிகிற பெரிய வளையம் ஒன்று என் குழாயில் பளிங்காக விழுந்தது. கரைசலை விட்டு வெளியே எடுக்காமல், ஈரத்தோடே ஜேர்மனியில் உன் ஆய்வுகூடத்துக்கு எக்ஸ் கதிர் படம் எடுக்க அனுப்பினேன். படம் தெளிவாக வந்திருக்கிறது, இதற்கு முன்பு யாரும் காணாத மடிப்பு என்று அங்கேயிருந்து எழுதியிருக்கிறார்கள். இங்கே எல்லோரும் கைகொடுத்தார்கள், இனிப்புக் கேட்டார்கள். எனக்கு ஒன்றும் ருசிக்கவில்லை.

இத்தனை வருடமும் நான் பாடுபட்டது இவர்களின் கைகொடுப்புக்கு இல்லையடி. நீ அங்கே மேசையில் இருந்து அந்தப் படத்தைப் பார்க்க வேண்டும். தேத்தண்ணி ஆறிப்போக, ஒரே ஒரு நிமிஷம் என்னில் பொறாமைப்பட வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு நிமிஷம்தான். அதைத் தராமல் போய்விட்டாய், பொல்லாதவளே. போவதிலும் என்னை முந்திக்கொண்டாய்.