மதில் விழுந்த இடத்தில் வெயில்

மச்சான், உங்களுக்குச் சலாம். வழக்கம்போல முதலில் பிள்ளைகளின் புதினம்.

மூத்த பேத்தி மருத்துவ பீடத்துக்கு எடுபட்டிருக்கிறாள். முடிவு வந்த அன்று அவள் முதலில் உங்கள் கட்டிலடிக்குத்தான் ஓடினாள். வெறுங்கட்டிலைக் கண்ட பிறகுதான் நினைவு வந்து நின்றாள். அவளுடைய தம்பிக்கு ஓ.எல். பரீட்சையில் எல்லாப் பாடத்துக்கும் ஏ. கணக்குக்காக உங்களிடம் காது திருகு வாங்கியவன், கணக்குக்கும் ஏ. சின்னவள் குர்ஆன் ஓதி முடித்துவிட்டாள். கட்டாரில் இருக்கும் மகனின் பிள்ளை நீச்சலில் பதக்கம் எடுத்திருக்கிறான். கடலுக்குப் பக்கத்தில் பிறந்த நானும் நீங்களும் முழங்கால் தண்ணீருக்கு மேல் போனதில்லை. அவன் நீந்துகிறான்.

இதையெல்லாம் வெயில் குடித்த பன்பாயில் இருந்துகொண்டு எழுதுகிறேன். இந்த வாசம் அறைக்குள் வந்திராவிட்டால் நான் பேனையை எடுத்திருக்க மாட்டேன்.

நீங்கள் சவூதியில் இருந்த காலத்தில் இப்படித்தான் எழுதுவேன். முதலில் எந்தப் பிள்ளை வகுப்பில் எத்தனையாம் பிள்ளை என்பது, பிறகு வீட்டுக் கதை, கடைசியில் உங்களிடம் ஒன்று கேட்பது. ஐந்தாம் வகுப்போடு நின்றவளுக்கு அதற்கு மேல் எழுதத் தெரியாது. "உன்ட எழுத்து கோழி கிளறின மாதிரி இரிக்கி. ஆனா ஒரு சொல்லும் விடாம வாசிச்சன்" என்று பதில் போடுவீர்கள். "இஞ்ச வெயிலத் தவிர ஒண்டுமில்ல. உங்கட மாரியில ஒரு நாள அனுப்பி வெய்யன்" என்றும் எழுதியிருந்தீர்கள்.

இந்த மாரி தொடங்கும்போதுதான் நீங்கள் போனீர்கள். உங்களை மையவாடியில் அடக்கிவிட்டு வந்த ஆண்களின் சாரனெல்லாம் நனைந்து காலோடு ஒட்டியிருந்தது. அதன் பிறகு மழை விட்டதாக எனக்கு நினைவில்லை. நான் இத்தாவில் இருக்கிறேன். நாலு மாதமும் பத்து நாளும் வீட்டைவிட்டு இறங்கக் கூடாது. உங்களுக்காக இருக்கிற இருப்பு என்பதால் மனம் ஒப்பித்தான் இருக்கிறேன். ஆனால் மச்சான், பகலிலும் விளக்குப் போட்டு இருந்தோம். தலையணையில் பூஞ்சணம். சுவரைத் தொட்டால் கை ஈரம். நாளுக்கு நாள் அறை சின்னதாகிக்கொண்டு வருவது போல் இருந்தது.

இத்தாவில் இருப்பவள் சொந்த வளவுக்குள் நடக்கலாம். மழை கொஞ்சம் ஓய்கிற நேரம் கிணற்றடி வரைக்கும் போய் வருவேன். அந்த முன்மதில் உங்களுக்குத் தெரியும்தானே. "இது அடுத்த மாரி தாங்காது" என்று ஒவ்வொரு வருசமும் சொல்லி, காலால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு உள்ளே வந்துவிடுவீர்கள். வெள்ளத்தில் அது விழுந்துவிட்டது. வளவும் றோட்டும் ஒன்றாகிவிட்டன. மண் காயாமல் அத்திவாரம் வெட்ட ஏலாது என்று மேசன் சொல்லிவிட்டான். அன்றிலிருந்து எனக்குக் கிணற்றடியும் இல்லை.

இன்று காலை வெயில் வந்தது. சும்மா எட்டிப் பார்த்துவிட்டுப் போகிற வெயில் இல்லை, நல்ல வெயில். ஊர் முழுக்கத் தலையணை தட்டும் சத்தம். நிலைப்படி வரைக்கும் வந்து நின்ற வெளிச்சத்தில் என் கால் பெருவிரலை மட்டும் நீட்டி வைத்தேன். அங்கிருந்து மேலே ஏறவில்லை அது.

உங்கள் ராத்தா, என் காவலுக்கு வந்திருக்கும் மதினி, வாசலில் பாக்கு வெட்டிக்கொண்டிருந்தா.

"மதினி, கொஞ்ச நேரம் முத்தத்துல இரிக்கட்டா?"

"மதில் எங்ககா? றோட்டால போற ஆக்கள் எல்லாம் பாப்பாங்க."

"முக்காடு போட்டுத்தானே இரிப்பன்."

"சனத்துட வாய்க்கும் முக்காடு போடுவியா நீ?"

நான் உள்ளே வந்து கட்டிலில் இருந்தேன். கட்டிலிலும் ஈரம். உங்கள் முதல் வெயில் நாட்கள் நினைவுக்கு வந்தன. சவூதியை விட்டு வந்த பிறகு ஒரு வருசமும் நீங்கள் அதைத் தவறவிட்டதில்லை. சவளக்கடை வயலில் என்ன வேலை கிடந்தாலும் அன்று போகமாட்டீர்கள். சாய்வுக்கதிரையை முற்றத்துக்கு இழுத்துப் போட்டு, கால் இரண்டையும் நீட்டிக்கொண்டு கிடப்பீர்கள். "அங்க இரிந்தது ஆரோ ஒருத்தன்ட வெயில். இது நம்மட வெயில், சுடாது" என்பீர்கள். நான் பாயும் தலையணையுமாக ஓடித் திரிவேன். "தலகாணிய மட்டும் காயப் போட்டாக் காணுமா? வா புள்ள, நீயும் வந்து கொஞ்சம் காய்" என்று கதிரையை எனக்குத் தந்துவிட்டு எழும்புவீர்கள். வேலை கிடக்கிறது என்று நான் நுனியில் இருந்துவிட்டு ஓடிவிடுவேன்.

வெளியே மதினி நம் மகளை ஏசும் சத்தம் கேட்டது. "கொடிக் கயிற அங்க கட்டாத, இஞ்சால கட்டு. மதில் விழுந்த நீளத்துக்கு இழுத்துக் கட்டு." கொஞ்ச நேரத்தில் வீட்டிலுள்ள பாயெல்லாம் வெளியே போயின. எங்கள் பாய் போதாமல் பக்கத்து வீட்டுப் பாயும் வந்தது. பிறகு மதினி வாசலில் வந்து நின்றா.

"பாய் காயப் போட்டிரிக்கி. ஒருத்தருக்கும் ஒண்டும் தெரியா. எழும்பி வாகா."

மதில் இருந்த இடத்தில் பாய்களே மதிலாக நின்றன. இந்தப் பக்கத்தில் உங்கள் கதிரை. காற்று ஒரு பாயைத் தூக்க, மதினி ஓடிப் போய் அதன் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றா. அந்தப் பக்கமிருந்து மீன்காரரின் குரல் கேட்டது.

"என்ன ராத்தா, பாயப் பிடிச்சிக்கிட்டு நிக்கிறீங்க? பறந்து போயிருமா? மீன் பாக்கலியா?"

"மீனும் வேணாம், கதையும் வேணாம். றோட்டப் பாத்துப் போங்க வாப்பா."

எனக்குச் சிரிப்பு வந்தது. நீங்கள் போன பிறகு வந்த முதல் சிரிப்பு. மதினி திரும்பி என்னைப் பார்த்தா.

"பஸ்ஸுக்கு இரிக்கிற மாதிரி ஏன் நுனியில இரிக்காய்? அவன் எப்பிடிக் கிடப்பான் இதுல! நல்லாச் சாஞ்சி இரி."

சாய்ந்தேன். துணியில் உங்கள் முதுகு விழுந்த பள்ளம் அப்படியே இருந்தது. வெயில் சுடவில்லை. மதினி முகத்தைப் பாயின் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றா. அவவுக்கு நீங்கள் தம்பி. நானும் அங்கே பார்க்கவில்லை.

மதியத்து ளுஹர் பாங்கு சொன்னதோடு, "பாய் காஞ்சிட்டு, எழும்பு" என்றா. பாயெல்லாம் சுருண்டன, றோட்டு திரும்பவும் தெரிந்தது, நான் உள்ளே வந்துவிட்டேன். காய்ந்த பாயை நாளைக்கும் காயப் போட்டால் சனம் கேட்கும். அதனால் நாளை இல்லை. இந்த அறையில் இன்னும் எத்தனையோ நாள் இருக்கிறது. நீங்கள் சவூதியில் இருந்தபோதும் இதே அறையில்தான் காத்திருந்தேன். அந்தக் காத்திருப்பின் முடிவில் நீங்கள் வருவீர்கள். இந்த இருப்பு முடிகிற நாளில் கதவு திறக்கும், மதிலும் எழும்பியிருக்கும். நீங்கள் வரமாட்டீர்கள். நான்தான் வெளியே போகவேண்டும்.

கன்னத்தில் மட்டும் காலைச் சூடு இன்னும் இருக்கிறது. கை வைத்துப் பார்த்துப் பார்த்து எழுதுகிறேன்.

வீட்டில் இருப்பது உங்கள் அடையாள அட்டைப் படம் ஒன்றுதான். அதில் யாரோடோ கோபித்துக்கொண்டது போல் இருக்கிறீர்கள். சவூதியிலிருந்து அனுப்பிய படங்களில் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு சிரிப்பீர்கள். அவையெல்லாம் வெள்ளத்தில் ஒன்றோடொன்று ஒட்டிப்போய்விட்டன. ஒவ்வொரு கடிதத்தின் கடைசியிலும் நான் கேட்பது ஒன்றுதானே. கை தானாக இங்கே வந்து நிற்கிறது மச்சான், அழிக்க மனமில்லை.

புதுப் படம் ஒன்று எடுத்துப் போஸ்ட் பண்ணுங்கள். வெயிலில் நின்று எடுங்கள்.