கோபுரப் படியில் யார் முன்னால்

செட்டிபாளையம்
பங்குனி 2010

அன்புள்ள மகன் மதுரனுக்கு அம்மா எழுதுவது. அம்மாளின் காவலில் நான் இங்கே சுகமாக இருக்கிறேன், விடியக்காலைக் குளிருக்கு முழங்கால் உளைகிறது, அதைச் சுகக்கேடு என்று சொல்ல மாட்டேன். நீயும் மருமகளும் ஆர்த்திகாக் குஞ்சும் அங்கே நோய் நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்றுதான் விளக்கு வைக்கும்போதெல்லாம் கேட்கிறேன். உன் கடிதமும் அதற்குள் வைத்த படமும் கிடைத்தன. இங்கே வெள்ளாமை வெட்டி முடிந்துவிட்டது, இந்த முறை வயல் வட்டைக்குள் வெள்ளம் நின்றதால் நெல் கொஞ்சம் கறுத்துப்போனது, ஆனாலும் சாப்பாட்டுக்குக் காணும். பாஸ்போட் கைக்கு வந்துவிட்டது. விசாவுக்குக் கொழும்பில் கூப்பிட்டால் பக்கத்து வீட்டுக் கண்ணகையின் மகன் கூட்டிப்போவதாகச் சொல்லியிருக்கிறான், சண்டை முடிந்த பிறகு வழியில் இறக்கி ஏற்றுவது குறைந்துவிட்டது, முன்னைப்போல ஒவ்வொரு ஆமிச் சென்றியிலும் பையைக் கொட்டிக் காட்டத் தேவையில்லையாம், அதனால் அதை நினைத்து நீ யோசிக்காதே.

நான் வந்தால் முதல் வேலையாக உங்கள் கொலோன் பட்டணத்து வேதக்கோயிலுக்குக் கூட்டிப்போய்க் கோபுரத்தில் ஏற்றுவேன் என்று எழுதியிருக்கிறாய். படத்தைக் கண்ணகைக்குக் காட்டினேன். என்னகா இது, இவ்வளவு பெரிய கோயில் கறுத்துப்போய்க் கிடக்கு, வெள்ளை அடிக்க ஒரு ஆள் இல்லையாமோ என்று கேட்கிறாள். பிறகு, நீ என்னத்துக்குகா அங்க ஏறப்போறாய், மேல நிண்டா செட்டிபாளையம் தெரியுமோ என்று ஒரே பகிடி. எனக்கும் ஒரு யோசனை இருந்தது, நாம் கோபுரத்தைக் கீழே நின்று கும்பிடுகிற ஆட்கள், அதன் தலையில் ஏறி நிற்பது சரியோ என்று. அங்கே எல்லோரும் ஏறுகிறார்கள் என்று நீ எழுதியதால் அதை விட்டுவிட்டேன், செருப்பைக் கழற்ற வேண்டுமா என்று மட்டும் கேட்டு எழுது. அப்பம்மா வந்தால்தான் நானும் ஏறுவேன் என்று குஞ்சு போனில் சொன்னதற்கு ஓம் என்று சொல்லிவிட்டேன், சின்னப்பிள்ளைக்குச் சொன்ன சொல்லை மாற்றக் கூடாது.

ஆனால் ஒரு விசயம் இருக்கிறது. படி ஒடுக்கம், சுற்றிச் சுற்றிப் போகும், பயப்படாதீங்க அம்மா, நீங்க முன்னால ஏறுங்க, நான் பின்னால வாறன் என்று எழுதியிருந்தாய். அந்த இடத்தில் கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன், மிச்சத்தை அடுத்த நாள்தான் வாசித்தேன். உன்னில் பிழை இல்லை மனே, உனக்கு அது தெரியாது. சுனாமியில் கடல் வந்த அன்று நடந்ததை நீ போனில் கேட்டபோதெல்லாம் அப்பாவைக் கடல் கொண்டுபோய்விட்டது என்று மட்டும்தான் சொன்னேன். நீ விசா இல்லாமல் செத்தவீட்டுக்கும் வர முடியாமல் அங்கே தனியாக அழுதுகொண்டிருந்தாய், அதற்குமேல் என்னத்தைச் சொல்வது. அன்று காலையில் நாங்கள் இரண்டு பேரும் ஓடினோம். காத்தான்குடி மஜீட் முதலாளி மீனுக்கு ஐஸ் போடுவதற்கென்று நம்மட பக்கத்தில் ஒரு மாடி கட்டிக்கொண்டிருந்தார், அதன் படிக்குக் கைப்பிடிகூட வைக்கவில்லை, அதில்தான் ஏறினோம். கலியாணம் முடித்த நாளில் இருந்து கோயிலுக்குப் போனாலும் சந்தைக்குப் போனாலும் அப்பா முன்னால், நான் பின்னால், உனக்கே தெரியும். அன்றைக்கு மட்டும் என்னைப் பிடித்து முன்னால் விட்டார். ஏறு புள்ள, நான் பின்னால வாறன் என்றார். ஏறினேன். மேலே போய்த் திரும்பிப் பார்த்தேன், படியில் தண்ணீர்தான் நின்றது.

அதற்குப் பிறகு நான் மாடிப்படி எதிலும் ஏறவில்லை. நீ ஆசையாக எழுதினபடியால், போன சனிக்கிழமை கண்ணகையைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்தில் புதிதாகக் கட்டின மாடியில் ஏறிப் பழகப் போனேன். விழுந்தா நான் பிடிப்பன், ஏறுகா என்று அவள் பின்னால் நின்றாள். இரண்டு படி ஏறுவேன், திரும்பி அவள் நிற்கிறாளா என்று பார்ப்பேன், இன்னும் ஒரு படி ஏறுவேன், திரும்புவேன். என்ட மூஞ்சியில என்ன படமா ஓடுது, முன்னால பாருகா என்று ஏசினாள். அந்தப் படியிலேயே குந்திவிட்டேன். பிறகு உனக்கு இப்போது எழுதினதை அவளுக்குச் சொன்னேன். அவள் சீலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு எனக்கு முன்னால் போய் ஏறத் தொடங்கினாள். உனக்குத்தான் தெரியுமே அவளுடைய உடம்பு, மூசி மூசித்தான் ஏறினாள். நான் அவளுடைய வெடித்த குதிக்காலைப் பார்த்துக்கொண்டே போனேன், மேல்மாடி வந்துவிட்டது. ஒரு பக்கம் வாவி, மற்றப் பக்கம் கடல். கடலை நான் இத்தனை வருசமாகப் பார்க்கவில்லை. அது தன்பாட்டில் கிடந்தது. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு இறங்கி வந்தோம்.

ஆகையால் நான் வருவேன், கோபுரத்திலும் ஏறுவேன். குஞ்சு முன்னால் போகட்டும், அதற்குப் பின்னால் நீ, கடைசியில் நான். உன் முதுகு தெரிந்தால் எவ்வளவு உயரமும் ஏறுவேன். கிழவியைப் பின்னால் விட்டுவிட்டுப் போகிறான் என்று அங்கே யாரும் பேசினால் பேசட்டும். இறங்கும்போதும் நீதான் எனக்கு முன்னால். நான் பின்னால வாறன் என்று மட்டும் எனக்குச் சொல்லாதே மகன்.

கூனி இறால் காய வைத்திருக்கிறேன், பிளேனில் மணக்கும் என்று பறித்துவிடுவார்களா என்று விசாரித்து எழுது. குஞ்சுக்குக் குளிர்ந்த தண்ணீர் கொடுக்காதே. இரவு வேலைக்குப் போனால் சாப்பிட்டுவிட்டுப் போ. மூன்று பேரையும் அம்மாள் காக்கட்டும், நீங்கள் நினைத்தது எல்லாம் கைகூடட்டும். அந்தக் கோயிலில் மெழுகுதிரி கொளுத்தலாம் என்று எழுதியிருந்தாய், அப்பாவின் பேரில் ஒன்று கொளுத்துவோம். ஏறுவதற்கு முன்னால் வேண்டாம். எல்லோரும் கீழே வந்து சேர்ந்த பிறகு.

உன் வழி பார்த்திருக்கும் அம்மா,
இ. ஆச்சிப்பிள்ளை