அழுகைப் படம் அத்தைக்கு, சிரிப்புப் படம் எனக்கு

மார்ச் 4, செவ்வாய்

கடையில் நாள் முழுக்க நின்று பில் போட்டுவிட்டு வந்தால் வீட்டில் ஒரே அழுகை. டிவியில்தான். அத்தையும் சேர்ந்து அழுதுகொண்டிருந்தார். படத்தில் கதாநாயகனின் அம்மா ஒரே ஒரு தடவை இருமினாள். இடைவேளைக்குள் ஆஸ்பத்திரி என்று அப்போதே சொன்னேன். "வாயைக் கழுவு" என்றார் அத்தை. சொன்னபடியே படுக்க வைத்துவிட்டார்கள். சாகக் கிடக்கிறவளுக்கு முகத்தில் பவுடர் கலையவில்லை. மழை வேறு. இந்தப் படங்களில் யாரும் வெயிலில் சாவதில்லை.

எனக்குச் சிரிப்புப் படம்தான். மூளையைக் கழற்றிச் செருப்போடு வாசலில் விட்டுவிட்டு உட்காரலாம். ஒருவன் ஒரு பொய் சொல்வான், அதை மறைக்க இன்னும் நாலு பொய், கடைசியில் எல்லோரும் ஒரே வீட்டுக்குள் துரத்திக்கொண்டு ஓடுவார்கள். நம்மிடம் எதையும் கேட்பதில்லை. அழுகைப் படம் கண்ணீரைக் கறக்காமல் விடாது.

மார்ச் 5

கால் வீங்கியிருக்கிறது. படம் இல்லை.

மார்ச் 9, ஞாயிறு

ஒரு ஞாயிறு அத்தை படம், மறு ஞாயிறு என் படம். என் வீட்டுக்காரர் ஜனவரியில் வேறொருத்தியோடு குடித்தனம் போன பிறகு வந்த ஏற்பாடு. வீட்டுக்காரராம். இனி அவன்தான், மரியாதை என்ன வேண்டிக்கிடக்கிறது? மகன் போனான், அம்மா என்னோடு தங்கிவிட்டார். ஏன் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பேச்சு அந்தப் பக்கம் திரும்பினால் யாராவது ஒருவர் ரிமோட்டைத் தேடுவோம்.

இன்று அத்தை முறை. ஓடிப்போன மகன் திரும்பி வந்து அம்மா காலில் விழுகிறான். அவள் தூக்கி நிறுத்திச் சோறு போடுகிறாள். முடிந்தது கதை. அவன் விட்டுப்போன பெண்டாட்டிக்கு ஒரு வசனம்கூட இல்லை. கதவோரம் நின்று அழுதுகொண்டே சிரிக்கிறாள். "என்ன இருந்தாலும் பெத்த வயிறு இல்லையா" என்று அத்தை மூக்கைச் சிந்தினார். எனக்குச் சுருக்கென்றது.

மார்ச் 16, ஞாயிறு

என் முறை. தப்பும் என்மேல்தான். போஸ்டரில் எல்லோரும் பல்லைக் காட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்து, கதை என்ன என்று விசாரிக்காமல் போட்டுத் தொலைத்தேன். ஒருவனுக்கு இரண்டு வீடு. இங்கே வயிற்றுவலி என்று சொல்லி அங்கே ஓடுகிறான், அங்கே ஆபீஸ் வேலை என்று இங்கே ஓடிவருகிறான். முதலில் சிரித்தது அத்தைதான். அவன் சட்டையை மாற்றிப் போட்டுக்கொண்டு வந்து முழித்தபோது நானும் சிரித்துவிட்டேன். பிறகு இருவரும் ஒரே சமயத்தில் நிறுத்தினோம். ரிமோட் மடியிலேயே இருந்தது. கை போகவில்லை.

அத்தை எழுந்து போய், கொடியில் கிடந்த துணிகளை ஈரத்தோடு எடுத்து வந்து மடித்தார்.

சிரிப்புப் படம் எதையும் கேட்காது என்று எழுதி வைத்தேனே. என் புத்தி.

மார்ச் 19, புதன்

அவன் போன் செய்தானாம். ஞாயிற்றுக்கிழமை வந்து அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகிறானாம். அங்கே தனி அறை இருக்கிறதாம். அத்தை பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னார்.

"நீங்க என்ன சொன்னீங்க அத்தை?"

"வான்னு சொன்னேன்."

வா என்றால்? வந்து கூட்டிப்போ என்றா? அவர் கழுவி வைத்த தட்டுகளைத் துடைத்து அடுக்கினேன்.

மார்ச் 20

பக்கத்து கவுண்டர் அக்காவிடம் சொன்னேன். "மாமியார் தானாவே போறாங்கன்னா தொல்லை விட்டுதுன்னு இரு" என்றாள். எப்படி இருப்பது? வேலை முடிந்து வந்தால் "ஏன் லேட்டு" என்று எரிந்துவிழ எனக்கு இருப்பது அந்த ஒரு ஆள். அதையும் பிடுங்கிக்கொண்டு போவானா? போனவன் போனவனாவே இருக்கக் கூடாதா?

எனக்கு அத்தை வேணும். அவ்ளோதான்.

மார்ச் 23, ஞாயிறு

அவன் வருகிற நேரத்தில் வீட்டில் இருக்க முடியாது என்று மதியமே தியேட்டருக்குப் போய்விட்டேன். அழுகைப் படம். திரையில் என்ன ஓடியதோ, தெரியாது. பக்கத்து சீட்டுப் பெண் கைக்குட்டை நீட்டி, "நல்ல படம்ல?" என்றாள். தலையாட்டி வைத்தேன்.

திரும்பி வந்தால் கதவில் பூட்டு. என் சாவியால் திறந்தேன். பரண்மேல் இருந்த பெரிய பெட்டி இல்லை. போய்விட்டார். ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளக்கூட இல்லையே — நான் என்ன பாவம் பண்ணேன்? விளக்கைக்கூடப் போடாமல் சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் அத்தை பால் பாக்கெட்டோடு உள்ளே வந்தார். "எதுக்கு இருட்டுல உக்காந்திருக்க?"

"பெட்டி எங்க அத்தை?"

"அவன் துணியெல்லாம் இன்னும் இங்கதானே கெடந்துச்சு. அடுக்கிக் குடுத்து அனுப்பிட்டேன்."

"நீங்க போகலையா?"

பாலை அடுப்பில் வைத்துவிட்டுத்தான் பதில் சொன்னார். "அவனும் அதான் கேட்டான். நாளைக்கு உன் மருமக வேற ஒருத்தனைக் கட்டிக்கிட்டுப் போயிட்டா நீ என்னம்மா பண்ணுவேன்னான். நானும் கூடவே போவேன்னேன். மூஞ்சி போன போக்கைப் பாக்கணுமே."

சிரிக்க ஆரம்பித்தேன். அது எங்கே அழுகையானது என்று தெரியவில்லை. பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. இருவரும் துடைத்தோம்.

மார்ச் 27, வியாழன்

இடுப்பு விண்விண் என்கிறது. அலமாரியில் அவன் துணி இருந்த தட்டில் அத்தை தன் துணிகளை அடுக்கியிருக்கிறார். இத்தனை நாள் கட்டிலுக்கு அடியில் மூட்டையாக வைத்திருந்தார். என் தட்டிலும் பாதியைப் பிடித்துவிட்டார். சொல்ல வேண்டும். இந்த வாரம் வேண்டாம்.