லேனா விளக்கில் நிற்கும் வண்டி

பங்குனி 22, சனி

விடியும்போதே வெயில். காப்பி போட்டேன். பாக்கியத்துக்குக் கால் தம்ளர். அதற்கு மேல் கூடாது.

நேற்று வண்டி லேனா விளக்கு முக்கில், புளியமரத்தடியில் நின்றுவிட்டது. திருமயத்திலிருந்து ஆஸ்பத்திரிக்குப் பாதி வழிகூட இல்லை. பெட்ரோல் தீர்ந்தது போல இருமி, குலுங்கி, நின்றது. பெட்ரோல் காட்டும் முள் வேலை செய்யாது, அதனால் டேங்க் மூடியைத் திறந்து குச்சி விட்டுப் பார்த்தேன். பாதி டேங்க் கிடக்கிறது. ஏறிச் சாவியைத் திருப்பினால் ஒன்றும் நடக்காதது போலக் கிளம்புகிறது. நமணசமுத்திரம் வருமுன் மறுபடி. மறுபடி குச்சி, மறுபடி கிளம்பியது. மூன்றாம் தடவை நின்றபோது பாக்கியம் மடியிலிருந்த எலுமிச்சம்பழத்தைச் சன்னல் வழியே எறிந்தாள். வண்டியில் வரும்போது குமட்டலுக்கு மோந்துகொண்டே வரும் பழம்.

"வண்டிக்கே புத்தி வந்துருச்சு. போதும்னு சொல்லுது. திருப்புங்க."

திருப்பினேன். ரத்தம் சுத்தம் செய்யும் மிஷினில் அவள் முறை போய்விட்டது.

நர்சம்மா போனில்: "திங்கக்கெழம காலையில மொத ஆளா வந்துருங்கய்யா. அதையும் விட்டீங்கன்னா தாங்காது. தண்ணி குடுக்காதீங்க."

வாடகை வண்டியில் ஏறவே மாட்டாள். தை மாதம் அப்படி ஒரு வண்டியில் திரும்பும்போது வாந்தி எடுத்துவிட்டாள். ஓட்டி வந்தவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வீட்டில் இறக்கிவிட்டபின் குனிந்து சீட்டை மோந்து பார்த்தான். அவ்வளவுதான். அது போதும் இவளுக்கு. ஆம்புலன்ஸைக் கூப்பிடுவேன் என்றால், "கூப்பிடுங்க, பொணமா ஏத்துங்க" என்கிறாள்.

ஆக இந்த அம்பாசிடர் ஓட வேண்டும். வேறு வழி இல்லை.

மதியம். இன்ஜின் சூட்டில் பம்புக்குள்ளேயே பெட்ரோல் ஆவியாகிறது என்று நினைத்தேன். சாக்கை நனைத்துப் பம்பின் மேல் சுற்றினேன். செட்டியார் வீட்டுக்கு ஓட்டிய காலத்தில் அக்கினி நட்சத்திரத்தில் இதுதான் வைத்தியம். ஒரு சித்திரையில் விராலிமலை அடிவாரத்தில் ஆச்சியின் ஈரத் துண்டையே வாங்கிச் சுற்றியிருக்கிறேன். நீலக் கரை போட்ட துண்டு.

தனியாக ஓட்டிப் பார்த்தேன். லேனா விளக்கு. நின்றது. குச்சி விட்டேன், கிளம்பியது.

எது செய்தாலும் ஓடுகிறது. எது செய்தாலும் நிற்கிறது.

பாக்கியத்துக்குக் கால் வீக்கம். விரலால் அழுத்தினால் குழி அப்படியே இருக்கிறது.

பங்குனி 23, ஞாயிறு

மேகம். மழை இல்லை. புழுக்கம்.

பார்த்தவை: பிளக் நாலும் கழற்றித் துடைத்தேன். வயரை வண்டி இரும்பின் அருகே வைத்து இன்ஜினைச் சுற்றவிட்டால் நீலப் பொறி, நல்ல பொறி. பழைய சாமான் டப்பாவிலிருந்து வேறு கன்டென்ஸர் மாற்றினேன். கார்புரேட்டர் துளைகளை வாயால் ஊதினேன். நாக்கெல்லாம் பெட்ரோல், கஞ்சி இறங்கவில்லை. மூன்று நாளாய் வண்டிக்குள் அந்த வாடை இல்லாதது ஒன்றுதான் நிம்மதி.

ஓட்டிப் பார்த்தேன். அதே இடம். அந்தப் புளியமரத்தை வெட்டினால்கூட ஆத்திரம் தீராது.

வெட்கத்தை விட்டு மெக்கானிக் ரபீக்கைக் கூப்பிட்டேன். இந்த வண்டியைப் பார்த்துவந்தவர் அவன் அப்பா; இவன் புது வண்டி மட்டும்தான் பார்ப்பவன். எனக்காக வந்தான். பானெட்டுக்குள் தலையை விட்டு, வெளியே எடுத்து, சிரித்தான்.

"மாமா, லேப்டாப் சொருக இதுல ஓட்டை எங்கிட்டு இருக்கு?"

"ஒங்க அத்தா லேப்டாப்பா சொருகினாரு? காதை வச்சுக் கேட்டே சொல்லுவாரேடா."

"அத்தா காதையும் கூடவே கொண்டு போயிட்டாரு. எனக்கு கம்ப்யூட்டர் சொன்னாத்தான் தெரியும். எடைக்குப் போடுங்க மாமா. நாளைக்கு என் வண்டியில நான் கூட்டிப் போறேன்."

உள்ளேயிருந்து பாக்கியம்: "ஒன் வண்டி புதுசுப்பா. நான் போற எடத்துக்குப் பழசே போதும்."

ரபீக் சிரிப்பதா வேண்டாமா என்று என்னைப் பார்த்தான். நான் ஸ்பேனரைப் பார்த்தேன்.

இதையெல்லாம் யாரிடம் சொல்ல. எழுதுகிறேன். பள்ளிக்கூடம் போகாதவன் எழுத்து. ஊர்ப் பலகைகளைப் பார்த்துப் பழகியது. கொம்பும் காலும் முன்னே பின்னே இருக்கும். இவளுக்குக் கண் மங்கிவிட்டது, படிக்க மாட்டாள்.

சாயங்காலம். படுக்க முடியவில்லை அவளுக்கு. படுத்தால் மூச்சு வாங்குகிறது. சுவரில் சாய்த்து, முதுகுக்குத் தலையணை வைத்தேன். தண்ணீர் கேட்டாள். பஞ்சை நனைத்து உதட்டில் வைத்தேன். அந்தப் பஞ்சைச் சப்பினாள். பார்க்க முடியவில்லை.

"நான் வரலைங்க நாளைக்கு."

"வண்டியச் சரி பண்ணிருவேன் பாக்கியம்."

"சரி பண்ணினாலும் வரலை. அது நிக்கிறப்பல்லாம் டேங்க் மூடியத் தெறந்தீங்களே, ஒங்க காதுல விழுகலையா? உஸ்ஸுனு மூச்சு விட்டுச்சு. அதுக்கும் மூச்சு முட்டுது, எனக்கும் முட்டுது. ரெண்டையும் விட்டுருங்க."

எனக்குக் காது மந்தம். விழவில்லை. அவள் சொன்னது விழுந்தது.

எழுந்து வெளியே ஓடினேன். ஏன் ஓடுகிறேன் என்று அவளுக்குச் சொல்லவில்லை. டேங்க் மூடியில் ஊசி நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை உண்டு. பெட்ரோல் குறையக் குறைய அதன் வழியாகக் காற்று உள்ளே போக வேண்டும். போகாவிட்டால் பம்பு எவ்வளவு இழுத்தாலும் பெட்ரோல் வராது. குச்சி விடுவதற்கு மூடியைத் திறந்தபோதெல்லாம் காற்று போனது, வண்டி கிளம்பியது. நான் வேறெதற்கோ கிளம்பியது என்று நினைத்திருக்கிறேன். நாற்பது வருடம் ஓட்டிய முட்டாள்.

ஓட்டை அடைந்திருந்தது. வெள்ளையாக, காய்ந்து. நகத்தால் சுரண்டி மோந்தேன்.

துணி சோப்பு.

போன ஆடியில் டேங்க் கசிந்தது. சோப்பைத் தேய்த்து அடைத்தேன், டிரைவர்கள் எல்லாரும் செய்வதுதான். பக்கத்தில் டார்ச் பிடித்தவள் இவள். பெட்ரோல் வாடை தாங்காமல், எனக்குத் தொந்தரவு தராமல், எங்கே கசிகிறது என்று தானே தேடி, தானே அடைத்திருக்கிறாள். அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு தடவித் தடவி.

டிக்கி மேல் தலை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு ஊக்கால் குத்தி ஓட்டையைத் திறந்தேன்.

உள்ளே போய்ச் சொன்னேன்: "குளவி மண்ணு வச்சு அடைச்சிருந்துச்சு. எடுத்துட்டேன். வேற ஒரு கோளாறும் இல்ல."

கையைக் கேட்டாள். கொடுத்தேன். விரலை மூக்கருகே கொண்டுபோனாள்.

"எந்த ஊர்க் குளவிங்க துணி சோப்பு வாங்குது?"

முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். தோள் ஆடியது. மூச்சா அழுகையா தெரியவில்லை.

நாளைக்கு வருவாயா என்று கேட்கத் துணிவில்லை.

பங்குனி 24, திங்கள்

இருட்டு பிரியுமுன் ஓட்டிப் பார்த்தேன். லேனா விளக்கு, புளியமரம், தாண்டினேன். நமணசமுத்திரம் தாண்டினேன். நிற்கவில்லை. திரும்பி வந்தேன். நிற்கவில்லை. வண்டிக்குள் பழையபடி வாடை. நாலு கண்ணாடியும் இறக்கினேன். பின் சீட்டில் வேப்பிலை போட்டேன், அது எதற்கு ஆகும்.

கடையில் இன்னும் எலுமிச்சம்பழம் வரவில்லை. பக்கத்து வீட்டு மரத்தில் ஒன்று பறித்தேன். கேட்காமல்தான்.

பாக்கியத்தின் முகம் இன்று அதிகமாக உப்பியிருக்கிறது. கண் சிறுத்துவிட்டது. வண்டி ஓடுகிறது என்றேன். ம் என்றாள். வேறு புடவை எடுத்து வைத்தேன். அதைப் பார்க்கவில்லை. வெளியே வந்துவிட்டேன்.

இன்ஜினை அணைக்கப் பயமாக இருக்கிறது. ஓடவிட்டு, ஸ்டியரிங் மேல் வைத்து எழுதுகிறேன். எழுத்து ஆடுகிறது. முதல் ஆளாக வரச் சொன்னார்கள். இப்போது கிளம்பினால் சரி. இன்னும் கொஞ்சம் போனால்

உள்ளே பீரோக் கதவுச் சத்தம்.

"ஏங்க, எலுமிச்சம்பழம் எங்கிட்டு வச்சீங்க?"