எங்கள் வீட்டில் யாரும் படுக்கையில் கிடந்ததில்லை

பிப்ரவரி 6, செவ்வாய்

"உங்க வீட்டுல ஐம்பது வயசுக்குள்ள யாராவது திடீர்னு இறந்திருக்காங்களா?" மருத்துவர் கேட்டார்.

அப்பா, என்றேன். நாற்பத்து நான்கு வயது. படுத்தவர் எழுந்திருக்கவில்லை. எனக்கு அப்போது பன்னிரண்டு. "வேற யாராவது?" மற்றவர்கள் எல்லாரும் வயதாகித்தான் போனார்கள் என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். எத்தனை வயதாகி? எனக்கு யார் சொன்னது?

இருபத்து மூன்று வருடமாகப் பல்கலைக்கழக நூலகத்தின் பட்டியல் பிரிவில் இருக்கிறேன். ஆசிரியர் பிறந்த ஆண்டு, இறந்த ஆண்டு இரண்டையும் சரிபார்க்காமல் ஒரு புத்தகத்தைக்கூட அலமாரிக்கு அனுப்பியதில்லை. சொந்தத் தாத்தா எந்த வயதில் செத்தார் என்று தெரியாது.

இதயத் தசை தடித்திருக்கிறதாம். பரம்பரையாக வருவது. மாத்திரை எழுதிக் கொடுத்தார். கனமானது எதையும் தூக்கக் கூடாது. எனக்குக் கூடப் பிறந்தவர்கள் இல்லை என்றதும், "அப்பா வழிச் சொந்தம் எல்லாரையும் ஒரு தடவை பார்த்துக்கச் சொல்லுங்க. நல்லா இருக்கறவங்களையும்தான். சில பேருக்கு இதோட முதல் அறிகுறியே சாவுதான்" என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார், பேனா மூடியைத் தேடிக்கொண்டே.

குதிரையை நினைத்தேன். சித்தப்பாவின் மகன், இருபத்தொன்பது வயது. ஞாயிறுதோறும் முப்பது கிலோமீட்டர் ஓடுகிறான். அவன் உண்மைப் பெயரை வீட்டில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

பிப்ரவரி 7

மாத்திரையைப் பேனா டப்பாவுக்குப் பின்னால் வைத்தேன். தனியாக இருக்கும் வீட்டில் யாரிடமிருந்து மறைக்கிறேன்?

பிப்ரவரி 11, ஞாயிறு

அப்பாவின் அக்காவைப் பார்க்கப் போனேன். எண்பத்து நான்கு வயது. காது கொஞ்சம் மந்தம், நாக்கு மந்தமில்லை.

"வாடி படிச்சவளே. வழி தெரிஞ்சுதா?"

தாத்தா எப்படிப் போனார் என்று கேட்டேன்.

"ராஜா மாதிரி போனார். சாப்பிட்டார், கை கழுவினார், நாற்காலியில உட்கார்ந்தார், போயிட்டார். நம்ம வீட்டுல எவனும் படுக்கையில கிடந்து, அடுத்தவங்க கையால ஒரு வாய் தண்ணி வாங்கிக் குடிச்சுச் சாகல. அதுக்கெல்லாம் கொடுத்து வச்சிருக்கணும்டி."

"அப்ப அவருக்கு என்ன வயசு அத்தை?"

"தாத்தாவுக்கு என்ன வயசு இருக்கும்? தாத்தா வயசுதான்."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அந்தக் கேள்வியை யாருமே கேட்டதில்லை போலிருக்கிறது.

"சித்தப்பா அப்ப எவ்வளவு பெரிசு?"

"அவனா? நடக்கப் பழகிக்கிட்டிருந்தான். வந்தவங்க காலையெல்லாம் பிடிச்சுப் பிடிச்சு நடந்தான் படவா. அழுதுகிட்டிருந்தவங்க எல்லாம் சிரிச்சுட்டாங்க."

பேருந்தில் வரும்போது பையிலிருந்த ஒரு கடித உறையின் பின்பக்கம் கணக்குப் போட்டேன். சித்தப்பாவுக்கு இப்போது அறுபத்தாறு. அத்தை சொன்னபடி தாத்தாவுக்குக் கல்யாணம் இருபத்தொன்றில், மறுவருடம் அத்தை. எப்படிக் கூட்டினாலும் நாற்பத்தொன்றுக்கு மேல் வரவில்லை.

பிப்ரவரி 17, சனி

பத்து நாளாக வேறு வேலை ஓடவில்லை. அத்தையின் தகரப் பெட்டியிலிருந்து பெரியப்பாவின் பள்ளிச் சான்றிதழ் கிடைத்தது. சின்னத் தாத்தா வேலை பார்த்த ஆலையின் பழைய பதிவேட்டை ஒரு குமாஸ்தா, முகத்தைச் சுளித்துக்கொண்டே, தூசி தட்டிக் கொடுத்தார்.

தாத்தா 41. சின்னத் தாத்தா 34. பெரியப்பா 38. அப்பா 44.

பெரியப்பாவை என் மனதில் எப்போதும் நரைத்த மீசையோடுதான் வைத்திருந்தேன். புகைப்படத்தை எடுத்துப் பார்த்தால் மீசை கன்னங்கரேலென்று இருக்கிறது. பெரியப்பா, சின்னத் தாத்தா — கூப்பிடும்போதே நரைத்துவிடுகிறார்கள். வயதானவர் திடீரென்று போனால் துக்கத்தோடு கொஞ்சம் பெருமையும் உண்டு. அந்தப் பெருமையைத்தான் அறுபது வருடமாகக் கைமாற்றிக்கொண்டு வந்திருக்கிறோம். நான்கு பேரும் வாலிபம் முடியாமல் செத்தார்கள் என்பதை முறைப்பெயர் மூடிவிட்டது.

அலுவலகத்தில் பக்கத்து மேஜைக்காரிக்கு முப்பத்து நான்கு வயது. நேற்று தன் முதல் நரைமுடியைப் பிடுங்கிக் காட்டிப் புலம்பினாள். சின்னத் தாத்தா!

பிப்ரவரி 24, சனி

குடும்ப மரத்தைப் படமாக ஒழுங்காக வரைந்து, ஒவ்வொரு பெயருக்கும் ஒரு கட்டம், கட்டத்துக்குள் வயது, கீழே ஒரு பத்தி: இது பரம்பரை நோயாக இருக்கலாம், எல்லாரும் ஒருமுறை இதயப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். நாற்பத்து மூன்று பேர் இருக்கிறார்கள்.

ஏழு கும்பிடு. மூன்று "அருமை". ஒருவர் தன் பெயருக்குப் பின்னால் பட்டத்தைப் போடவில்லை என்றார். இன்னொருவர், "என் மனைவி என்ன பாவம் செய்தாள், அவளுக்குக் கட்டமில்லையா?" பிறகு யாரோ ஒரு ரோஜாப்பூ படம் அனுப்பினார்கள். அதோடு முடிந்தது.

வயதை ஒருவர்கூடக் கேட்கவில்லை. என் கட்டத்தில் நானும் 49 என்று மட்டும்தான் எழுதியிருந்தேன்.

பிப்ரவரி 25, ஞாயிறு

காலை ஏழு மணிக்குச் சித்தப்பாவின் போன். அச்சகம் நடத்துகிறவர், ஒரு வார்த்தைக்கு இரண்டு வார்த்தை போடமாட்டார். இன்று நிறையப் போட்டார்.

"பெரியவங்க சாவைக் கடை விரிக்கறதுக்கா உன்னைப் படிக்க வச்சது? என் பொண்ணுக்கு, உன் தங்கச்சிக்கு, இடம் கூடி வர்ற நேரம். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க கண்ணுல இது பட்டா அப்புறம் எவன் வந்து கட்டுவான்? முதல்ல அதை எடு."

"உங்க பையன் ஓடுறான் சித்தப்பா."

"ஓடுறவனுக்கு நெஞ்சு கல்லு மாதிரி இருக்கும்மா. உனக்கு ஏன் இப்படி ஒரு எண்ணம் வந்துச்சு திடீர்னு?"

அங்கே சொல்லியிருக்கலாம். எனக்கு இருக்கிறது, அதனால்தான் என்று நாலு வார்த்தை. சொல்லவில்லை. "படிச்சேன்" என்றேன். படத்தை எடுத்துவிட்டேன்.

ஏன் சொல்லவில்லை? பரிதாபம் பிடிக்காது — அது பாதிதான். மீதி என்னவென்றால், சொல்லிவிட்டால் நானும் அந்த நான்கு பேர் வரிசையில் ஒரு கட்டம். இதுவரை வரைகிறவளாக இருந்தேன்.

மார்ச் 2, சனி

குதிரை வந்தான். நானே வரச்சொன்னேன். உட்காரவே இல்லை, நின்றபடி சொம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தான். படத்தைக் காட்டினேன். நான்கு வயதுகளையும் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தான்.

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்ங்கற மாதிரி இருக்குக்கா."

"நான் அரளல. எண்ணினேன்."

"நீங்க எண்ணினா சரியாத்தான் இருக்கும்" என்று சிரித்தான். செவ்வாய்க்கிழமை பத்து மணிக்குப் பரிசோதனைக்கு வருவதாக ஒப்புக்கொண்டான். நேரம் குறித்துக்கொள்ள என் மேஜையில் போய்ப் பேனா எடுத்தான். கையிலேயே எழுதிக்கொண்டான், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி.

மார்ச் 5, செவ்வாய்

வரவில்லை. இதயப் பிரிவின் நடையில், நீல நாற்காலியில், பத்திலிருந்து ஒன்றரை வரை. அவன் பெயரை மூன்று தடவை கூப்பிட்டார்கள். உண்மைப் பெயர். முதல் தடவை யாரையோ கூப்பிடுகிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

சாயங்காலம் செய்தி அனுப்பினான்: மறந்துட்டேன்கா, ஸாரி.

கையில் எழுதிக்கொண்டவன்.

மார்ச் 9, சனி

சித்தப்பா நேரிலேயே வந்தார். கோபமெல்லாம் போயிருந்தது, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"அந்தப் படத்தை நம்ம ஆட்கள் ரொம்ப மெச்சுறாங்கம்மா. இருபத்து நாலாம் தேதி மாப்பிள்ளை வீட்டுல பேசி முடிக்க வர்றாங்க. பெரிசா அடிச்சு மாட்டலாம்னு பாக்கறேன். எப்பேர்ப்பட்ட குடும்பம்னு தெரியட்டும்." கொஞ்சம் நிறுத்தி, "அந்த வயசை மட்டும் எடுத்துடு."

வயதை எடுத்துவிட்டால் அதில் என்ன இருக்கிறது? வெறும் பெயர்கள். கேட்கவில்லை. பேரம் பேசினேன். வயதை எடுக்கிறேன், நீங்கள் அவனைப் பரிசோதனைக்குக் கூட்டிப்போக வேண்டும்.

"கூட்டிட்டுப் போறேன். என் பிள்ளைமேல எனக்கு அக்கறை இல்லாமலா?"

நம்பினேன். இல்லை, நம்பவில்லை. வேறு வழி தெரியவில்லை.

மார்ச் 10

எண்களை ஒவ்வொன்றாக அழித்தேன். அப்பாவின் 44 கடைசி. அழித்ததும் படம் அழகாகத்தான் இருக்கிறது.

மார்ச் 16, சனி

அச்சகத்துக்குப் போய் மாதிரித் தாளைப் பார்த்தேன். மையின் வாசம். ஓரத்தில் கொடி, இலை, மூலைக்கொரு பறவை. சித்தப்பா கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிவிட்டு, தன் அப்பாவின் பெயரை விரலால் தடவினார். "எனக்கு அவர் முகமே ஞாபகம் இல்லம்மா" என்றார்.

அவர்மேல் கோபப்பட முடியவில்லை. அதுவும் ஒரு தொல்லை.

பரிசோதனை? "இந்த வேலையெல்லாம் முடியட்டும்."

மார்ச் 23, சனி

இவ்வளவு நாளும் செத்தவர்களைப் பற்றியே பேசியிருக்கிறேன். ஆலைப் பதிவேடு, சான்றிதழ், படம். ஆதாரம் காட்டினால் நம்புவார்கள் என்று நினைத்தது என் தொழில் புத்தி. உயிரோடு இருக்கும் ஒரே ஆதாரத்தை டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறேன். சித்தப்பாவுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? அவர் மகளுக்காக மறைக்கிறார். நான் எனக்காக.

நாளை குதிரையிடம் சொல்லிவிடுவேன். பிறகு சித்தப்பாவிடம், எல்லாரும் போன பிறகு. யாராவது முன்னதாகக் கேட்டால், கேட்ட இடத்திலேயே. பொய் சொல்லமாட்டேன்.

மார்ச் 24, ஞாயிறு

நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

அச்சகத்துக்கு மேலே மூன்றாம் மாடிக் கூடத்தில் ஏற்பாடு. இரண்டாம் மாடித் திருப்பத்தில் மூச்சு வாங்கி, சுவரில் கையை ஊன்றி நின்றேன். கீழேயிருந்து குதிரை வந்தான், மடக்கு நாற்காலிகள் கைக்கு இரண்டாக. எனக்கு நான்கு படி கீழே அவனும் நின்றான். நாற்காலிகளை இறக்கிவைத்துவிட்டுச் சுவரில் கையை ஊன்றினான்.

"ஏன்கா நின்னுட்டீங்க?"

"நீ ஏன் நின்னே?"

"காலையிலேருந்து ஒண்ணும் சாப்பிடல. அதான்."

முகம் காகிதம் மாதிரி வெளுத்திருந்தது. நான் ஒத்திகை பார்த்து வைத்திருந்தது வேறு. வாயில் வந்தது, "எனக்கு இருக்குடா."

"தெரியும்கா."

"எப்படி?"

"அன்னைக்குப் பேனா எடுக்கும்போது மாத்திரையைப் பாத்தேன். வீட்டுக்குப் போய் அது எதுக்குன்னு தேடிப் படிச்சேன்." மூச்சை ஒருமுறை இழுத்துவிட்டுக்கொண்டான். "எனக்கு ரெண்டு வருஷமா இப்படி வருது. ஓடும்போது நடுவுல கண்ணு மங்கிடும். அப்புறம் சரியாயிடும்."

"பின்ன ஏன்டா அன்னைக்கு வரல?"

"வந்தேன். வாசல்ல நின்னேன். நீல நாற்காலியில உட்கார்ந்திருந்தீங்க, மடியில பையை வச்சுக்கிட்டு. உள்ள வந்தா ஓடாதேன்னுதான் சொல்வாங்க. தங்கச்சி கல்யாணமும் நின்னுடும்." பிறகு, "எனக்கு வேற என்னக்கா தெரியும், ஓடறதைத் தவிர?"

மேலேயிருந்து சித்தப்பா குரல்: "டேய் குதிரை, நாற்காலி செஞ்சுகிட்டிருக்கியா?"

அவன் நான்கையும் தூக்கிக்கொண்டு போனான். நான் நிதானமாகப் பின்னால் ஏறினேன்.

கூடத்தின் நடுச்சுவரில் படம். மாப்பிள்ளையின் அம்மா அதன் எதிரே நின்று ஒவ்வொரு பெயராக வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தார். சித்தப்பா என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார்.

"எங்க அண்ணன் பொண்ணு. பல்கலைக்கழகத்துல இருக்கு. இதெல்லாம் தேடி எழுதினது இவதான். இவ எழுதினா ஒரு புள்ளி தப்பா இருக்காது. எங்க வீட்டுல யாரும் படுக்கையில கிடந்ததில்லைங்க. வேணும்னா இவளையே கேளுங்க."

அந்தம்மா நல்ல மாதிரி. திரும்பி, கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, "அப்படியாம்மா?" என்றார்.

தங்கச்சி கூடத்தின் மறுபக்கத்திலிருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குதிரை ஒரு நாற்காலியைப் பாதி விரித்தபடி நின்றான். தலையை அசைக்கவில்லை, கெஞ்சவும் இல்லை.

"ஆமாங்க" என்றேன். "யாரும் படுக்கையில கிடந்ததில்ல."

"கொடுத்து வச்ச குடும்பம்" என்றார் அவர்.

பேச்சு தேதிக்குப் போனது. மே மாதம் என்று முடிவாயிற்று. நான் சொன்னது பொய்கூட இல்லை.

எல்லாரும் போன பிறகு சித்தப்பாவிடம் போனேன். வாயைத் திறப்பதற்குள், "பரிசோதனைதானே? அதான் கல்யாணம் முடியட்டும்னு சொல்லியிருக்கேன்லம்மா" என்று என் தோளைத் தட்டினார். கண் கலங்கியிருந்தது, சந்தோஷத்தில். நான் வாயை மூடிக்கொண்டேன்.

பிறகு குதிரையோடு நாற்காலிகளைக் கீழே இறக்கப் போனேன். எனக்கு ஒன்றுகூடக் கொடுக்கவில்லை. அவன் ஒவ்வொன்றாகத்தான் எடுத்துப் போனான்.