இரண்டு பேருக்கான பார்சல்

அன்பு நிறைந்த என் வீட்டுக்காரருக்கு, உங்கள் மனைவி எழுதிக்கொண்டது.

நலம், நலமறிய ஆவல் என்று போட வேண்டிய இடம் இது. என் நலம் பின்னால் வருகிறது, அதனால் இங்கே போடவில்லை. உங்கள் கடிதம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. கப்பல் கம்பெனி இன்னும் இரண்டு வருஷத்துக்கு ஒப்பந்தத்தை நீட்டச் சொல்கிறது, கையெழுத்துப் போடட்டுமா வேண்டாமா, மாதக் கடைசிக்குள் சொல் என்று கேட்டிருந்தீர்கள். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீங்கள் முதலில் கேட்பது ‘சாப்பிட்டியா?’ என்பதுதான். நானும் ‘ஆச்சு, ஆச்சு’ என்பேன். அதற்குள் லைன் கட்டாகிவிடும். நீங்கள் கப்பலுக்குப் போன பத்தொன்பது வருஷமாக இப்படித்தான் குடும்பம் நடத்துகிறோம். போனில் எனக்குப் பொய் சொல்லிப் பழகிவிட்டது. எழுத உட்கார்ந்தால் அவ்வளவு சுலபமாக வரமாட்டேன் என்கிறது.

முதலில் வீட்டுச் சமாசாரம். மகள் வாரம் ஒரு தடவை பேசுகிறாள். மாப்பிள்ளைக்கு வேலை மாற்றலாகி, இப்போது இன்னும் தூரம் போய்விட்டார்கள். குழாய் ஒழுகிக்கொண்டிருந்தது, ஆள் வைத்துச் சரி செய்தாயிற்று. பள்ளிக்கூடம் திறக்கிற சமயம் என்பதால் நான் வேலைக்குப் போகிற தையல் கடையில் சீருடை மலைபோலக் குவிந்து கிடக்கிறது. காலையிலிருந்து சாயங்காலம் வரை சட்டைக்குக் காஜா எடுத்து எடுத்து, கண்ணை மூடினாலும் பட்டன் ஓட்டைதான் தெரிகிறது.

இனி சாப்பாட்டு விஷயம். உங்கள் கேள்விக்குப் பதில் அதில்தான் இருக்கிறது, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

உங்களுக்கு இரண்டு பேருக்குச் சமைக்க வராது. கப்பலில் இருபத்துநாலு பேருக்கு ஆக்கிப்போட்ட கை, வீட்டுக்கு வந்தாலும் அடங்காது. போன லீவில் வந்த மறுநாளே அண்டா நிறையக் குழம்பு வைத்துவிட்டு, கரண்டியும் கையுமாக நின்று முழித்தீர்களே! நான் வாய் ஓயாமல் திட்டிக்கொண்டே மாடி வீடு, எதிர் வீடு, எலக்ட்ரீஷியன் வீடு என்று கிண்ணம் கிண்ணமாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். இரண்டு மாதமும் அதே கூத்துதான். நீங்கள் போன பிறகு அந்தக் கிண்ணங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன, நன்றாகக் கழுவித் துடைத்து. கடைசிக் கிண்ணம் வந்த அன்றைக்குத்தான் வீடு காலி என்பது எனக்கு உறைத்தது.

ஒரு ஆளுக்குச் சமைப்பது சமையலே இல்லை. கைப்பிடி அரிசி பாத்திரத்தின் அடியில் ஒட்டிக்கொண்டு கிடக்கும். ஒரு முட்டை, ஒரு தக்காளி, அரை வெங்காயம். மீதி அரை வெங்காயம் ஃபிரிட்ஜில் காய்ந்துபோகும். தட்டு எதற்கு என்று அடுப்படியிலேயே நின்று, சட்டியிலிருந்தே வழித்துப் போட்டுக்கொள்வேன். ஐந்து நிமிஷத்தில் வேலை முடிந்துவிடும். அப்புறம் நீங்கள் கூப்பிட்டால், ‘ஆச்சு, ஆச்சு.’

நீங்கள் போன ஒரு மாதத்தில், பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் இருந்த சைக்கிள் கடையை எடுத்துவிட்டு அங்கே ஒரு சாப்பாட்டுக் கடை வந்தது. ஆறு மேஜை. சமையல், கல்லா, அதட்டல் எல்லாம் ஒரே ஒரு அம்மாள்தான். என்னைவிட ஏழெட்டு வயது சின்னவள். வேலை முடிந்து வரும்போது தாளிக்கிற வாசனை தெருமுனைக்கே வந்து இழுக்கும். ஒருநாள் துணிந்து போய் உட்கார்ந்தேன். சூடான சோறு, பருப்பு, ஒரு துண்டு மீன். முதல் கவளம் இறங்கியபோது வயிறு நன்றி சொன்னது. அப்போது பக்கத்து மேஜைக்காரர் வந்து, ‘இங்க யாராச்சும் வராங்களாம்மா?’ என்று என் எதிர் நாற்காலியைக் காட்டிக் கேட்டார். இல்லை என்றேன். தூக்கிக்கொண்டு போய்விட்டார். அதுவரை எதிரே ஒரு நாற்காலியாவது இருந்தது. அதற்குப் பிறகு மீன் முள்ளை எடுக்கக்கூட எனக்குப் பொறுமை இல்லை.

மறுநாள் பார்சல் வாங்கப் போனேன். ‘ஒருத்தருக்கா, ரெண்டு பேருக்கா?’ என்று அந்தக் கடைக்காரம்மா கேட்டாள். வாய் தானாக, ‘ரெண்டு பேருக்கு’ என்றது. ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. இரண்டு பேருக்கு என்றதும் அவள் முகத்தில் ஒரு மரியாதை வந்த மாதிரி எனக்குப் பட்டது. என் மனப்பிராந்தியாகவும் இருக்கலாம்.

அன்றிலிருந்து எட்டு மாதம், தினமும் இரண்டு. ஒன்றை ராத்திரி சாப்பிடுவேன், இன்னொன்று மறுநாள் மதியம் டப்பாவில் வேலைக்கு வரும். பொய் அதோடு நிற்குமா? இரண்டாவது பார்சல் வீட்டுக்காரருக்கு என்று அவளே நினைத்துக்கொண்டு, அண்ணன் ஏன் ஒருநாளும் கடைக்கு வருவதில்லை என்று கேட்டாள். முட்டி வலி, படி இறங்கமாட்டார் என்றேன். மன்னித்துக்கொள்ளுங்கள், உங்கள் முட்டியை நானே முடக்கிவிட்டேன். காரம் ஒத்துக்கொள்ளுமா என்றாள். ‘காரம் கம்மியாத்தான் சாப்பிடுவாரு, வெங்காயம் பெரிசு பெரிசா கெடந்தா ஒதுக்கி வெச்சிருவாரு’ என்று சொல்லிவைத்தேன். அது பொய் இல்லை, நீங்கள் அப்படித்தானே. அடுத்த நாளே வெங்காயம் பொடிப்பொடியாக நறுக்கி வந்தது. அண்ணன் என்ன சொன்னார், அண்ணனுக்குப் பிடித்ததா என்று தினமும் கேட்பாள். நானும் சளைக்காமல் சொல்வேன். கீரை அருமை என்றார், கறி கொஞ்சம் வேகவில்லை என்றார். நடந்து வரும் வழியில், நிஜமாகவே வீட்டில் நீங்கள் காத்திருப்பது போல எட்டி நடை போடுவேன். கதவைத் திறக்கிற வரைக்கும் அந்தச் சுகம் இருக்கும்.

போன மாதம் எனக்குக் காய்ச்சல் வந்தது. உங்களிடம் சொல்லவில்லை. மூன்று நாள் எழுந்திருக்க முடியவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் கதவு தட்டுகிற சத்தம். திறந்தால், கையில் அடுக்குக் கேரியரோடு கடைக்காரம்மா. எலக்ட்ரீஷியனிடம் வீட்டை விசாரித்துக்கொண்டு வந்திருக்கிறாள். ‘நீங்க வரலைன்னா அண்ணன் பட்டினியா கெடப்பாரேன்னுதான் ஓடியாந்தேன். எங்க அண்ணன், உள்ளயா?’ என்று கேட்டுக்கொண்டே அடுப்படி வரை போய்விட்டாள்.

என்னத்தைச் சொல்வேன்? வாசலில் ஒரு ஜோடி செருப்பு. அலமாரியில் ஒரு தட்டு, ஒரு டம்ளர். கட்டிலில் ஒரு தலையணை. எல்லாவற்றையும் பார்த்தாள். அப்புறம் சுவரில், சமையல் தொப்பியோடு நீங்கள் சிரிக்கிற படம். அதைப் பார்த்ததும் அவள் முகம் செத்துவிட்டது. ‘ஐயோ அக்கா... எப்ப?’ என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இல்லையில்லை, அவர் நன்றாக இருக்கிறார், கப்பலில் இருக்கிறார் என்று பதறிப்போய்ச் சொன்னேன். சொல்லும்போதே அழுகை பொத்துக்கொண்டு வந்துவிட்டது. நிறுத்த முடியவில்லை. குத்துக்கல் மாதிரி உயிரோடு இருக்கிற புருஷனுக்காக எவளாவது இப்படி அழுவாளா? நான் அழுதேன்.

ஏன் பொய் சொன்னாய் என்று அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேரியரைப் பிரித்து எனக்குக் கஞ்சியும் பருப்பும் எடுத்து வைத்தாள். இன்னொரு அடுக்கைத் திறந்து, ‘அண்ணன் பங்கு ஆறிப்போகுதுக்கா, நான் சாப்பிடவா?’ என்று கேட்டு எதிரே உட்கார்ந்தாள். சாப்பிடும்போது ஒரே ஒரு குறைதான் சொன்னாள். ‘எட்டு மாசமா அண்ணனுக்கு ஆகாதுன்னு கடைக்கே காரத்தைக் கொறச்சுப்புட்டேன். வர்றவன் எல்லாம் இது என்ன ஆஸ்பத்திரிச் சாப்பாடான்னு கேக்குறான்!’ காய்ச்சலோடு நான் சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது. அவள்தான் தலையில் தட்டினாள். வெறும் கஞ்சிதான். ஆனால் எதிரே ஒரு கை கேரியருக்கும் வாய்க்கும் போய்வருவதைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன். இரண்டாம் தடவையும் வாங்கிக் குடித்தேன்.

இப்போது கடையிலேயே உட்கார்ந்து சாப்பிடுகிறேன். கூட்டம் குறைந்தால் அவளும் தன் தட்டை எடுத்துக்கொண்டு வந்து உட்காருவாள். காரம் பழையபடி ஏறிவிட்டது. நல்லவள். இருந்தாலும் கூட்டம் வந்தால் பாதியில் எழுந்து போகத்தான் வேண்டும், அது அவள் பிழைப்பு. அவளுக்கு ஒரு குறையும் சொல்லமாட்டேன். எனக்கு வேண்டியது வேறு.

இதற்கு முன் மூன்று தடவை நீங்கள் இதே கேள்வியைக் கேட்டிருக்கிறீர்கள். மூன்று தடவையும் ‘உங்கள் இஷ்டம்’ என்று எழுதினேன். அதைப் பெருந்தன்மை என்று நானே நினைத்துக்கொண்டிருந்தேன். அது பயம். வாருங்கள் என்று சொல்லி, நீங்கள் வராமல் போனால் அந்த அவமானத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்ற பயம். இந்தத் தடவை என் இஷ்டத்தை எழுதுகிறேன். கையெழுத்துப் போடாதீர்கள். வீட்டுக்கு வந்துவிடுங்கள்.

வீட்டில் வந்து உட்கார்ந்து என்ன செய்வேன் என்று முன்பொரு தடவை கேட்டீர்கள். உங்களோடு கப்பலில் இருக்கிற கூட்டாளி லீவில் இங்கே வந்திருந்தபோது ஒன்று சொன்னார். எல்லோருக்கும் போட்டு முடித்து, நீங்கள் மட்டும் கடைசியில் அடுப்பங்கரையில் நின்றபடியே இரண்டு வாய் அள்ளிப் போட்டுக்கொள்வீர்களாம். அதைக் கேட்ட அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. நீங்கள் அங்கே ஒரு மூலையில், நான் இங்கே ஒரு மூலையில். இதற்கா கல்யாணம் செய்துகொண்டோம்?

இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வருவதற்குள் கையெழுத்துப் போட்டுவிட்டிருந்தால், நான் கோபப்படமாட்டேன். ஆனால் அதை எனக்கு எழுதாதீர்கள், போனிலும் சொல்லாதீர்கள். லீவு வரும்போது வாருங்கள். எனக்கு எதிரே உட்காருங்கள். முதலில் என்னைச் சாப்பிட விடுங்கள். நான் வயிறு நிறையச் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்த பிறகு, உங்கள் வாயாலேயே சொல்லுங்கள்.

கடலும் காற்றும் உங்களிடம் தயவாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
வாசல் பார்த்திருக்கும்
உங்கள் மனைவி