பூமியைத் துளைத்து வருவது

கோலார் தங்கவயல்
மார்ச், 1965

அன்புள்ள சைதூன் பீவிக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நான் சுகம். உனக்குக் கால் வீக்கம் வடிந்ததா? உன் உம்மா கூடவே இருக்கிறார்களா?

சுரங்கத்தின் அடியில் விஞ்ஞானிகள் வைத்திருக்கும் கருவிக்குக் காவலாக என்னை மாற்றிவிட்டார்கள். வானத்திலிருந்து வரும் ஏதோ ஒரு துகளைப் பிடிக்கவாம். கூட இருக்கும், நம் பக்கத்துத் திருவேங்கடம் ஊர்ப் பேச்சிமுத்து, "வானத்துல இருந்து வாரதைப் பிடிக்க எவன்லே பாதாளத்துக்கு வருவான்?" என்று சிரிக்கிறான். எனக்குப் புரிந்தது. குற்றால அருவிக்குள் நின்றால் ஒற்றைச் சாரல் துளி மேலே பட்டது தெரியுமா? பாறை மறைவுக்குப் போனால்தானே தெரியும். வானத்திலிருந்து மற்றத் துகளெல்லாம் அருவியாய்க் கொட்டினாலும் சுரங்கத்துக்கு மேலே உள்ள பாறை தடுத்துவிடும். இது மட்டும் பூமியையே துளைத்து வருமாம். உன்னையும் வயிற்றுப் பிள்ளையையும்கூடத் துளைத்துப் போகுமாம். ஒன்றும் செய்யாது, பயப்படாதே.

அது வந்தால் கருவியில் வெளிச்சம் மின்னுமாம். இன்னும் மின்னவில்லை. உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

நேற்று பாறை கொஞ்சம் சத்தம் போட்டது. மேலே ஏற்றும் கூண்டை நிறுத்திவிட்டார்கள். மறுபடி ஓடும்வரை கீழேயே கதை பேசிக்கொண்டிருந்தோம், அவ்வளவுதான். உம்மாவிடம் சொல்லாதே.

கீழே ஒரே வெக்கை. துண்டு ஒன்று அனுப்பு. புதிது வேண்டாம், நீ புழங்கியதே போதும்.

சங்கு ஊதிவிட்டது, இறங்க வேண்டும். பூமிக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருவதற்குக்கூட இங்கே காத்திருக்கிறார்கள். தென்காசியிலிருந்து ஒரு கார்டு வரக் காணோம். பிள்ளை பிறந்துவிட்டதா?

உன்
ஒலி முகம்மது